பின்தங்கும் வாசிப்பும் தொடக்கநிலைத் துணையும்: திண்ணைப்பள்ளி முதல் நீலசந்திரா வரை

1. முன்னுரை

பெங்களூர் நகரில் ஆஸ்டின் டவுனுக்கும் விவேக்நகருக்கும் அண்மையில் அமைந்துள்ள குடியிருப்புப் பகுதி நீலசந்திரா. தமிழ், தக்கணி உருது, கன்னடம், தெலுங்கு ஆகிய நான்கு மொழிகளும் அதன் தெருக்களில் அன்றாடம் ஒலிப்பவை. அங்கு வாழும் தமிழ்க் குடும்பத்துக் குழந்தை ஆறு வயதில் பள்ளியில் சேரும்போது, அது பேசும் மொழி ஒன்று. பாடநூலின் மொழி மற்றொன்று. தெருவில் விளையாட்டுத் தோழர்களிடம் கேட்கும் மொழி இன்னொன்று. இரண்டாம் வகுப்பின் இறுதியில் அக்குழந்தையால் ஒரு சிறு பத்தியைத் தடையின்றிப் படிக்க இயலவில்லை எனில், ஆசிரியர் அதனை 'மந்தம்' என்று குறித்துவிடுதல் உண்டு. பெற்றோர் 'படிப்பில் கவனமில்லை' என்பர். வசதி உடையோர் உளவியலாரை நாடுவர். எந்த மொழியில், எந்த எழுத்தில், எத்தகைய பயிற்சிக்குப் பின் இக்குழந்தை பின்தங்கியது என்னும் வினாவை இம்மூவரும் எழுப்புவது அரிது.

வாசிப்பில் இடர்ப்படும் குழந்தைக்குத் தொடக்கத்திலேயே துணை செய்ய வேண்டும் என்னும் கருத்து இன்று கல்வித் துறையில் பரவலாகப் பேசப்படுகிறது. அஃது அண்மையில் மேலை நாடுகளிலிருந்து வந்த கருத்து என்ற எண்ணமும் உள்ளது. இக்கட்டுரை அக்கருத்தின் வரலாற்றைத் தமிழ்ச் சூழலில் வைத்து ஆராய்கிறது. இரண்டு செய்திகளை நிறுவுவது இதன் நோக்கம். ஒன்று: குழந்தையின் நிலையறிந்து, அதற்கு அண்மையில் உள்ள ஒருவரைக் கொண்டு துணை செய்தல் வகுப்பு முறையைக் காட்டிலும் பழமையானது. மற்றொன்று: 'தொடக்கநிலை' என்பதை வயதையோ வகுப்பையோ மட்டும் கொண்டு வரையறுத்தல் ஆகாது, குழந்தை பேசும் மொழியும் கற்கும் எழுத்துமுறையும் அவ்வரையறையில் இடம்பெற வேண்டும்.

2. திண்ணைப்பள்ளியில் கற்றலின் வேகம்

சென்னை மாகாண ஆளுநராக இருந்த தாமஸ் மன்றோ 1822ஆம் ஆண்டு உள்நாட்டுக் கல்விநிலை குறித்து மாவட்டந்தோறும் கணக்கெடுக்க ஆணையிட்டார். 1826இல் தொகுக்கப்பெற்ற அக்கணக்கின்படி மாகாணத்தில் 12,498 பள்ளிகளும் 1,88,650 மாணவரும் இருந்தனர். மாணவருள் பெண்கள் 4,540 பேர் மட்டுமே. மக்கள்தொகையில் 67 பேருக்கு ஒருவர் பள்ளியில் பயின்றார் என மன்றோ கணித்தார். தமிழ் வழங்கும் பகுதிகளில் இப்பள்ளிகளுள் மிகப் பெரும்பாலானவை திண்ணைப்பள்ளிகளே.

திண்ணைப்பள்ளியில் ஆண்டுதோறும் அடுத்த வகுப்புக்கு ஏறும் முறை இல்லை. குழந்தை மணலில் விரலால் எழுதத் தொடங்கி, பின்னர் ஓலைக்கு மாறும். ஓர் எழுத்து கையிலும் நாவிலும் படிந்த பின்னரே அடுத்த எழுத்து. ஆத்திசூடி, கொன்றைவேந்தன், எண்சுவடி முதலியன முதலில் மனப்பாடமாயின. மனத்தில் உள்ளதையே பின்னர் ஓலையில் கண்டு படித்தனர். ஒரே திண்ணையில் ஐந்து வயதினனும் பன்னிரண்டு வயதினனும் தத்தம் பாடத்துடன் அமர்ந்திருந்தனர். ஆசிரியருக்கு அடுத்த நிலையில் சட்டாம்பிள்ளை இருந்தான். மூத்த மாணவனாகிய அவன், இளையோரிடம் பாடம் கேட்பான், தவறு திருத்துவான். டாக்டர் உ. வே. சாமிநாதையரின் 'என் சரித்திரம்' 19ஆம் நூற்றாண்டின் திண்ணைப்பள்ளி வாழ்க்கையை அறிய உதவும் நூல்களுள் ஒன்றாகும். பவானி ராமன், த. செந்தில்பாபு ஆகியோரின் அண்மைக்கால ஆய்வுகள் இப்பள்ளிகளின் எழுத்துப் பயிற்சியையும் கணக்குப் பயிற்சியையும் விரிவாக விளக்கியுள்ளன.

இம்முறையைப் புகழ்ந்துரைப்பது இக்கட்டுரையின் கருத்தன்று. பெண்களும் ஒடுக்கப்பட்ட சாதியினரும் பெரும்பாலும் அத்திண்ணையில் ஏற இயலவில்லை. கோதண்டம் முதலிய கொடிய தண்டனைகள் இருந்தன. பொருளறியாத மனப்பாடமும் மிகுதி. எனினும் மொழியியல் நோக்கில் ஒன்று குறிப்பிடத்தக்கது. அம்முறையில் மெல்லக் கற்கும் குழந்தை இருந்தது. 'பின்தங்கிய' குழந்தை இல்லை. அனைவரும் ஒரே நாளில் ஒரே பாடத்தை முடிக்க வேண்டும் என்ற எல்லைக்கோடு இருந்தால்தான் ஒருவர் அதற்குப் பின்னே நிற்க முடியும். திண்ணையில் அக்கோடு வரையப்படவில்லை.

3. எழும்பூரில் நிகழ்ந்த சோதனை

திண்ணைப்பள்ளியின் இரு கூறுகள் சென்னையிலிருந்து உலகெங்கும் பரவின. 1789இல் சென்னை எழும்பூரில் படைவீரர்களின் ஆதரவற்ற ஆண் குழந்தைகளுக்கான இல்லம் தொடங்கப்பெற்றது. அதன் மேற்பார்வையை ஏற்றவர் ஆண்ட்ரூ பெல் என்னும் ஸ்காட்லாந்துப் பாதிரியார். ஒரு நாள் காலை குதிரையில் செல்லும்போது, உள்ளூர்ப் பள்ளியொன்றில் குழந்தைகள் மணலில் விரலால் எழுதுவதைக் கண்டார். அதனைத் தம் இல்லத்தில் புகுத்த விரும்பினார். ஆனால் அங்கிருந்த உதவி ஆசிரியர்கள் அதற்கு இணங்கவில்லை. எனவே பெல், எட்டு வயதினனாகிய ஜான் ஃப்ரிஸ்கன் என்னும் மாணவனிடம் நெடுங்கணக்கு வகுப்பை ஒப்படைத்தார். சிறுவன் அதனைச் செவ்வனே நடத்தினான். அதன்பின் மற்ற வகுப்புகளும் படிப்படியாக மாணவர் பொறுப்புக்கு மாறின. இவ்வனுபவத்தை 1797இல் லண்டனில் நூலாக வெளியிட்டார் பெல். இம்முறை 'மதராஸ் முறை' என்றே பெயர் பெற்றது. ஜோசப் லங்காஸ்டர் தமக்கெனத் தனியே வகுத்த முறையும் இதனை ஒத்ததே. இரண்டும் இங்கிலாந்திலும் பிற நாடுகளிலும் பரவின.

பரவலின்போது ஒரு மாற்றம் நேர்ந்தது. பெல் கண்ட திண்ணையில் மூத்த மாணவன் இளையவனின் நிலைக்கு இறங்கிவந்து துணை செய்தான். ஐரோப்பியப் பள்ளிகளிலோ நூற்றுக்கணக்கான குழந்தைகளைக் குறைந்த செலவில் ஒரே கூடத்தில் பயிற்றும் கருவியாக மாணவத் தலைவன் மாறினான். சிக்கனம் முதன்மை பெற்றது. தனிக்கவனம் பின்னுக்குச் சென்றது. 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குள் இம்முறை செல்வாக்கிழந்தது. எனினும் குழந்தைக்கு அண்மையில் இருப்பவரே அதன் தடுமாற்றத்தை முதலில் உணர்வார் என்னும் உண்மை அதில் பொதிந்திருந்தது. அவ்வுண்மை மீண்டும் வெளிப்பட நீண்டகாலம் ஆயிற்று.

4. வகுப்பு முறையும் 'பின்தங்குதல்' என்னும் கருத்தும்

1854ஆம் ஆண்டு வுட் அறிக்கைக்குப் பின் அரசு மானியம் பெறும் பள்ளிகள் பெருகின. சென்னை மாகாணத்தில் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், தேர்வில் தேறிய மாணவர் எண்ணிக்கைக்கேற்ப மானியம் வழங்கும் முறையும் நடைமுறையில் இருந்தது. இதற்கு வகுப்பு, பாடத்திட்டம், ஆய்வாளர், ஆண்டுத் தேர்வு என்னும் நான்கும் தேவைப்பட்டன. தேறாத குழந்தை பள்ளிக்கு வருவாய் தராத குழந்தையாயிற்று. மைசூர் அரசு 1913இலும் சென்னை மாகாண அரசு 1920இலும் தொடக்கக் கல்விச் சட்டங்களை இயற்றின. பள்ளிக்கு வரும் குழந்தைகள் மிகுந்தனர். அவர்களுள் வீட்டில் ஏடு அறியாத முதல் தலைமுறையினர் பலர். அவர்களை அளக்கும் கோலோ மாறவில்லை.

இக்காலத்தில் ஐரோப்பாவில் வேறொரு துறை இச்சிக்கலைக் கையில் எடுத்தது. 1896இல் பிரிங்கிள் மார்கன் என்னும் ஆங்கில மருத்துவர், அறிவுக் கூர்மை உடையவனாயினும் படிக்க இயலாத 14 வயதுச் சிறுவன் ஒருவனைப் பற்றி மருத்துவ இதழில் எழுதினார். 'பிறவிச் சொற்குருடு' என அது வழங்கப்பெற்றது. கிளாஸ்கோ நகரக் கண் மருத்துவர் ஜேம்ஸ் ஹின்ஷெல்வுட் இதனை விரிவாக ஆராய்ந்தார். இன்று 'டிஸ்லெக்சியா' எனப்படும் வாசிப்புக் குறைபாட்டின் ஆய்வு வரலாறு இவர்களிடமிருந்து தொடர்கிறது. சோம்பலும் அறிவின்மையும் அல்லாத காரணத்தால் ஒரு குழந்தை படிக்க இயலாமல் இருக்கலாம் என்பதை இவ்வாய்வுகள் உலகுக்கு உணர்த்தின. இந்தியாவில் இதற்குச் சட்ட ஏற்பு கிடைக்க நெடுங்காலம் ஆயிற்று. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளர் உரிமைச் சட்டம் குறிப்பிட்ட கற்றல் குறைபாடுகளைத் தன் பட்டியலில் சேர்த்தது.

எனினும் இவ்வாய்வுகளின் பெரும்பகுதி ஆங்கில எழுத்தை அடிப்படையாகக் கொண்டது. பெங்களூர் நிம்ஹான்ஸ் நிறுவனத்தில் 1991இல் உருவான கற்றல் குறைபாட்டுச் சோதனைத் தொகுப்பு பெரிதும் ஆங்கிலவழிக் குழந்தைகளுக்கே பொருந்துவது. மானேசர் தேசிய மூளை ஆய்வு மையம் 2015இல் வெளியிட்ட இந்திய மொழிச் சோதனைக் கருவியின் முதற்பதிப்பில் இந்தி, மராத்தி, கன்னடம், ஆங்கிலம் ஆகியன இருந்தன. தமிழ் அதன்பின்னரே சேர்ந்தது. தமிழ்க் குழந்தையின் வாசிப்பு இடரைத் தமிழ் எழுத்தைக் கொண்டு அளக்கும் முயற்சி மிக அண்மையது என்பது இதனால் விளங்கும்.

5. தமிழ் எழுத்துமுறையும் வாசிப்பு இடரும்

5.1 எழுத்தும் ஒலியும்

தமிழில் உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1 என எழுத்துக்கள் 247. எண்ணிக்கை பெரிதாகத் தோன்றினும் அடிப்படை வடிவங்கள் மிகக் குறைவே. கன்னடத்தில் மெய்ம்மயக்கம் வரும்போது இரண்டாம் மெய் உருமாறி முதலெழுத்தின் கீழ்ச் செல்கிறது. குழந்தை அவ்வடிவங்களைத் தனியே கற்க வேண்டும். தமிழில் புள்ளி இச்சுமையை நீக்கிவிடுகிறது. 'கப்பல்' என்னும் சொல்லில் எழுத்துக்கள் ஒன்றன்பின் ஒன்றாக வரிசையில் நிற்கின்றன. இதனால் தமிழ், பிற இந்திய எழுத்துமுறைகளைவிட ஒலியன் எழுத்துமுறைக்கு நெருக்கமானது எனப் புவனேசுவரி, பிரகாஷ் படக்கன்னாய ஆகியோர் 2014இல் வெளியிட்ட ஆய்வில் குறிப்பிடுகின்றனர்.

சுமை வேறிடத்தில் உள்ளது. வல்லின எழுத்து ஒவ்வொன்றும் இடத்துக்கேற்ப ஒலிப்பு மாறும். 'பக்கம்', 'பகல்', 'பங்கு' ஆகிய மூன்றிலும் ககரம் ஒன்றே, ஒலி வேறு. எனவே எழுத்தைத் தனித்தனியே உச்சரித்துக் கூட்டும் குழந்தை சொல்லை எட்டுவதில்லை. சொல்லை முன்பே கேட்டுப் பழகிய குழந்தைக்கே இவ்விதி இயல்பாக விளங்கும். கடன்சொற்களில் விதியே தளர்கிறது. ஆவின்பாலும் விளையாடும் பந்தும் எழுத்தில் ஒரே 'பால்' ஆகிவிடுகின்றன. கன்னடத்திலோ இவ்வேறுபாடுகளுக்குத் தனித்தனி எழுத்துக்கள் உள. கன்னட எழுத்தை முதலில் கற்ற தமிழ்க் குழந்தை தமிழுக்கு வரும்போது ஓர் எழுத்துக்கு ஓர் ஒலி என்று எதிர்பார்த்து ஏமாறுகிறது.

5.2 வரிவடிவம்

'கெ', 'கே', 'கை' ஆகியவற்றில் உயிர்க்குறி முன்னே எழுதப்படுகிறது; பின்னே ஒலிக்கப்படுகிறது. 'கொ', 'கோ' ஆகியவற்றில் குறி இருபுறமும் நிற்கிறது. கண் செல்லும் வரிசையும் நா செல்லும் வரிசையும் முரண்படும் இவ்விடங்களில் குழந்தை தயங்குவது இயல்பு. உகர, ஊகார வரிசைகளில் குறி ஒரே வடிவில் இல்லை; 'கு', 'சு', 'து' ஆகிய மூன்றையும் ஒப்பிட்டாலே இது புலப்படும்.

இவ்வகைச் சுமையைக் குறைக்க அரசு எடுத்த நடவடிக்கை ஒன்று உண்டு. தந்தை பெரியார் 1935 முதல் 'குடி அரசு' இதழில் கையாண்ட சீர்திருத்த எழுத்துக்களுள் 13ஐத் தமிழ்நாடு அரசு 1978 அக்டோபரில் ஏற்றது. ணா, றா, னா. ணை, லை, ளை, னை. ணொ, ணோ, றொ, றோ, னொ, னோ ஆகியன பொதுவிதிக்குள் வந்தன. விதிவிலக்கு குறைந்தால் கற்போர் சுமை குறையும் என்னும் எளிய உண்மைக்கு இது சான்று. உகர, ஊகார வரிசைகள் அச்சீர்திருத்தத்தின் எல்லைக்குள் வரவில்லை.

5.3 இரட்டை வழக்கு

தமிழ்க் குழந்தைக்கு உரிய தனித்த இடர், பேச்சு வழக்குக்கும் எழுத்து வழக்குக்கும் உள்ள இடைவெளியாகும். ஃபெர்குசன் 1959இல் இரட்டை வழக்கு என்னும் கருத்தை வரையறுத்தார். மறு ஆண்டே மு. சண்முகம் பிள்ளை தமிழின் இலக்கிய வழக்கையும் பேச்சு வழக்கையும் ஒப்பிட்டு எழுதினார். ஆய்வுலகில் இக்கருத்து நிலைபெற்று அறுபது ஆண்டுகளுக்கு மேலாயினும், வாசிப்பைச் சோதிக்கும் முறையில் அதன் தாக்கம் மிகக் குறைவு.

ஓர் எடுத்துக்காட்டு. 'மூன்று பேர் வீட்டில் இருந்தார்கள்' என்னும் தொடரை இரு குழந்தைகள் படிப்பதாகக் கொள்வோம். முதற் குழந்தை 'மூணு பேரு வீட்ல இருந்தாங்க' என்கிறது. இரண்டாம் குழந்தை 'முன்று பெர் விட்டில் இருந்தர்கள்' என்கிறது. அச்சிட்ட வடிவத்தோடு ஒப்பிட்டு எண்ணினால் இருவருக்கும் ஏறத்தாழ ஒரே அளவு பிழை. ஆயின் முதற் குழந்தை எழுத்தை அறிந்து, சொல்லை அடைந்து, பொருளைப் பற்றி, தன் வழக்கில் வெளியிட்டுள்ளது. அதற்கு வேண்டியது எழுத்து வழக்கைக் கேட்டுப் பழகும் வாய்ப்பு. இரண்டாம் குழந்தை நெடிற்குறிகளை அறியவில்லை, பொருளையும் இழந்துவிட்டது. உடனடித் துணை வேண்டுவது அதற்கே. இருவரையும் ஒரே பட்டியலில் சேர்க்கும் ஆசிரியர், ஒருவருக்குத் தேவையில்லாத பெயரைச் சூட்டுகிறார். மற்றவருக்குத் தேவையான துணையை மறுக்கிறார்.

6. நீலசந்திராவின் மொழிச்சூழல்

1809இல் ஆங்கிலேயர் பெங்களூரில் படைமுகாம் அமைத்த பின் சென்னை மாகாணத் தமிழ் மாவட்டங்களிலிருந்து படைவீரர், பணியாளர், வணிகர், கூலித் தொழிலாளர் எனப் பலர் குடியேறினர். முகாம் பகுதி தனி நிருவாகத்தில் இருந்து, 1947இல் மைசூர் அரசிடம் திரும்ப ஒப்படைக்கப்பெற்றது. 1949இல் நகரும் முகாமும் ஒரே மாநகராட்சியாயின. முகாமைச் சூழ்ந்த பகுதிகளில் தமிழ்வழிப் பள்ளிகள் வளர்ந்தமைக்கு இவ்வரலாறே காரணம். ஆர்க்காடு நாராயணசாமி முதலியார் 1873இல் தொடங்கிய பள்ளி இன்றும் அவர் பெயரால் வழங்கும் கல்வி நிறுவனங்களுக்கு வித்தாயிற்று.

1956ஆம் ஆண்டின் ஏழாம் திருத்தத்தால் அரசியலமைப்பில் சேர்ந்த 350அ பிரிவு, மொழிச் சிறுபான்மைக் குழந்தைகளுக்குத் தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் வழங்க மாநிலங்கள் முயல வேண்டும் என்கிறது. கர்நாடகத்தில் 1980களின் தொடக்கத்தில் கோகாக் குழு அறிக்கையும் அதனையொட்டிய கிளர்ச்சியும் கன்னடத்தின் இடத்தை உறுதிசெய்தன. 1994ஆம் ஆண்டின் அரசாணை முதல் நான்கு வகுப்புகளில் தாய்மொழி அல்லது கன்னடமே பயிற்றுமொழி என்றது. 2014 மே மாதம் உச்சநீதிமன்றம், பயிற்றுமொழியைத் தேர்ந்தெடுக்கும் உரிமை பெற்றோருக்கும் குழந்தைக்கும் உரியது எனத் தீர்ப்பளித்தது. 2015ஆம் ஆண்டின் சட்டம் கன்னடத்தைக் கட்டாயப் பாடமாக்கியது. மாநிலத்தின் மொழியை அங்கு வாழும் குழந்தை கற்பது தேவையும் உரிமையும் ஆகும், அதில் ஐயமில்லை. இவ்வாணைகளுக்கும் தீர்ப்புகளுக்கும் இடையே பெற்றோர் ஆங்கிலவழியை மிகுதியாக நாடினர். தமிழ்வழி வகுப்புகள் சுருங்கின.

இதன் விளைவை வாசிப்பு நோக்கில் காண்போம். கஃபும் டன்மரும் 1986இல் முன்வைத்த கோட்பாட்டின்படி, படித்துப் பொருளுணர்தல் என்பது எழுத்தை ஒலியாக்கும் திறன், கேட்டு உணரும் திறன் ஆகிய இரண்டின் பெருக்கமாகும். ஒன்று சுழியமாயின் விடையும் சுழியமே. நீலசந்திராவின் தமிழ்க் குழந்தைக்கு ஆங்கிலத்தில் எழுத்தறிவு உண்டு, பொருளறிவு இல்லை; தமிழில் பொருளறிவு உண்டு, எழுத்தறிவு இல்லை; கன்னடத்தில் இரண்டும் பாதி. மூன்று மொழிகளிலும் விடை குறைவாகவே வருகிறது. ஒரு மொழியில் மட்டும் சோதிப்பவருக்கு இது குறைபாடாகத் தோன்றும். மூன்றையும் அடுத்தடுத்து வைத்துப் பார்ப்பவருக்கே குழந்தையிடம் உள்ள முதல் இன்னது என்பது தெரியும். மறுபுறம், 'பல மொழிக் குழப்பம். தானே சரியாகிவிடும்' என்று சொல்லி, உண்மையான வாசிப்புக் குறைபாடுடைய குழந்தையைக் காலங்கடத்துவதும் நிகழ்கிறது. எல்லா மொழியிலும் எழுத்து–ஒலி இணைப்பே தடுமாறுமாயின், அது மொழிச்சூழலால் மட்டும் விளைந்ததன்று எனக் கொண்டு உரிய நிபுணரை நாட வேண்டும்.

7. வகுப்பைக் கடந்த துணை: அண்மைக்கால முயற்சிகள்

வகுப்பு வரையறையைத் தளர்த்திக் குழந்தையின் நிலையிலிருந்து தொடங்கும் முயற்சி நம் பகுதியிலேயே மீண்டும் தோன்றியது. டேவிட் ஹார்ஸ்பரோ 1972இல் கோலார் மாவட்டத்தில் தொடங்கிய நீல்பாக் பள்ளியில் பல வயதுக் குழந்தைகள் ஒன்றாகத் தத்தம் வேகத்தில் கற்றனர். மதனப்பள்ளி அருகே ரிஷிவேலியில் பத்மநாப ராவ், ரமா ஆகியோர் கிராமப் பள்ளிகளுக்காகக் 'கற்றல் ஏணி'யையும் அட்டைகளையும் உருவாக்கினர். அங்குச் சென்று பயின்ற ஆசிரியர்களைக் கொண்டு 1995இல் மைசூர் மாவட்டம் எச்.டி.கோட்டையில் 'நலி கலி' தொடங்கியது. 2009-10இல் கர்நாடகத்தின் கன்னடவழி அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு விரிந்தது. சென்னை மாநகராட்சி ஆணையராக இருந்த எம். பி. விஜயகுமாரின் முயற்சியால் 2003இல் 13 பள்ளிகளில் தொடங்கிய செயல்வழிக் கற்றல், 2007-08இல் தமிழ்நாட்டின் அரசுத் தொடக்கப் பள்ளிகள் அனைத்துக்கும் சென்றது. குழந்தை தரையில் பாய்மீது அமர்ந்து, ஏணியில் தன் படியைத் தானே அறிந்து, சக மாணவர் துணையோடு கற்றது. திண்ணையின் சாயல் இதில் தெளிவு. திண்ணையில் இடம்பெறாத குழந்தைகளும் இம்முறை உள்ளே இருந்தனர் என்பதே பெரிய வேறுபாடு.

இன்னொரு மரபு மும்பையில் எழுந்தது. பிரதம் அமைப்பின் 'பால்சகி' திட்டத்தில், அதே பகுதியைச் சேர்ந்த இளம்பெண் ஒருவர், மூன்றாம் நான்காம் வகுப்புகளில் பின்தங்கிய ஏறத்தாழ 20 குழந்தைகளை நாளும் இரண்டு மணிநேரம் தனியே அழைத்துச் சென்று அடிப்படைகளைக் கற்பித்தார். மும்பையிலும் வடோதராவிலும் அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ முதலியோர் ஆராய்ந்து 2007இல் வெளியிட்ட முடிவு, இத்துணை குழந்தைகளின் கற்றலைக் குறிப்பிடத்தக்க அளவில் உயர்த்தியது எனக் காட்டியது.

கொரோனாக் காலப் பள்ளி மூடலுக்குப்பின் இத்தேவை கடுமையாயிற்று. ஊரகக் குழந்தைகளிடம் நடத்தப்பெறும் ஏசர் ஆய்வின்படி, இரண்டாம் வகுப்புப் பாடத்தைப் படிக்கவல்ல மூன்றாம் வகுப்புக் குழந்தைகள் அனைத்திந்திய அளவில் 2018இல் 27.3 விழுக்காடு, 2022இல் 20.5 விழுக்காடு, 2024இல் 27.1 விழுக்காடு. தமிழ்நாடு அரசு 2021 அக்டோபரில் 'இல்லம் தேடிக் கல்வி'யைத் தொடங்கியது. தன்னார்வலர்கள் மாலைநேரத்தில் தம் தெருக் குழந்தைகளுக்குக் கற்பித்தனர். பள்ளி திறந்த ஆறு மாதத்திற்குள் கற்றல் இழப்பில் மூன்றில் இரு பங்கு ஈடுசெய்யப்பெற்றது எனவும், அம்மீட்சியில் 24 விழுக்காடு இத்திட்டத்தால் நேர்ந்தது எனவும் அபிஜித் சிங், மௌரிசியோ ரொமேரோ, கார்த்திக் முரளிதரன் ஆகியோரின் ஆய்வு மதிப்பிட்டது. 2022 ஜூனில் தொடங்கிய 'எண்ணும் எழுத்தும்' திட்டம் குழந்தைகளை அரும்பு, மொட்டு, மலர் என நிலைவாரியாகப் பிரித்துக் கற்பிக்கிறது.

சட்டாம்பிள்ளை, ஃப்ரிஸ்கன், பால்சகி, தெருவின் தன்னார்வலர் ஆகிய நால்வரும் ஒரே மரபினர். முழுமையான ஆசிரியப் பயிற்சி எவருக்கும் இல்லை. குழந்தையின் மொழியும் அதன் தடுமாற்றமும் அவர்களுக்குத் தெரியும். ஆசிரியருக்கு மாற்றாக அவர்களை வைப்பது தவறு. ஆசிரியருக்குத் துணையாக வைப்பதில் நன்மை உண்டு. நீலசந்திராவின் இடர் இங்குதான் உள்ளது. தமிழ்நாட்டுத் திட்டங்களின் எல்லை ஏறத்தாழ 40 கி.மீ. தொலைவிலுள்ள ஓசூரோடு முடிகிறது. நலி கலியோ கன்னடத்தை மையமாகக் கொண்டு உருவானது. இரு மாநிலத்தின் நன்முயற்சிகளுக்கும் இடையே உள்ள இடைவெளியில் இக்குழந்தை நிற்கிறது.

8. 'தொடக்கம்' எப்போது?

நியூசிலாந்தில் மேரி கிளே 1970களில் வகுத்த 'வாசிப்பு மீட்சி' முறை, பள்ளியில் ஓராண்டு முடித்த ஆறு வயதுக் குழந்தையை இனங்கண்டு, நாளும் அரைமணி நேரம் தனித்துணை அளித்தது. பல நாடுகளில் அது பின்பற்றப்பெற்றது. ஆயினும் ஹென்றி மே குழுவினர் அமெரிக்காவில் 2022இல் வெளியிட்ட ஆய்வு, அத்துணை பெற்ற குழந்தைகள் மூன்றாம் நான்காம் வகுப்புகளில் ஒப்பிட்ட பிறரைவிடப் பின்தங்கியதாகக் காட்டியது. தொடக்கத்தில் தரும் துணையும் பின்னர்த் தொடராவிடின் நிலைக்காது என்பதை இது நினைவூட்டுகிறது.

எழுத்துமுறைக்கேற்பக் காலம் மாறும் என்பதற்குச் சான்று பெங்களூரிலேயே உள்ளது. சோனாலி நாக் கன்னடக் குழந்தைகளின் தொடக்க வாசிப்பு பற்றி 2007இல் வெளியிட்ட ஆய்வு, அட்சரத் தொகுதியைக் கற்பது தொடக்கப்பள்ளியின் பின்னாண்டுகள் வரை நீள்கிறது எனவும் ஒலியன் உணர்வு மெல்லவே மலர்கிறது எனவும் காட்டியது. ஆங்கிலத்தின் 26 எழுத்துக்களை ஓராண்டில் முடிக்கும் கால அட்டவணையை இங்குப் பொருத்தினால், இயல்பாகக் கற்கும் குழந்தையும் இடர்ப்படுவதாகத் தோன்றும். கன்னடத்தின் அட்டவணையைத் தமிழுக்குப் பொருத்தினால், மெய்ம்மயக்கச் சுமையில்லாத தமிழில் தயங்கும் குழந்தைக்கு வேண்டாத தாமதம் நேரும்.

எனவே தமிழுக்கெனப் படிநிலைகள் வேண்டும். கட்டுரையாளர் முன்மொழிவன வருமாறு. முதல் வகுப்பில் நோக்க வேண்டியவை: சொல்லப்படும் கதையைக் கேட்டு உணர்தல், அகரமேறிய மெய்களையும் புள்ளி பெற்ற மெய்களையும் வேறுபடுத்தல், இடத்துக்கேற்ப வல்லினம் ஒலித்தல். இரண்டாம் வகுப்பில் நோக்க வேண்டியவை: குறில் நெடில் குறிகள், முன்னும் இருபுறமும் வரும் உயிர்க்குறிகள், உகர வரிசை. மூன்றாம் வகுப்பில் நோக்க வேண்டியவை: எழுத்து வழக்குத் தொடரைத் தடையின்றிப் படித்தல், பேச்சு வழக்கில் அதன் பொருள் கூறுதல். ஒரு படியில் ஒரு பருவத்துக்கு மேல் தேங்கும் குழந்தைக்கு அப்படியிலேயே துணை தொடங்க வேண்டும். ஆண்டுத் தேர்வு வரை காத்திருத்தல் கூடாது. ண, ன வேறுபாடும் ல, ள, ழ வேறுபாடும் பேச்சில் மங்கிய குழந்தைக்கு எழுத்துப்பிழைகள் நெடுநாள் தொடரும். அவற்றை வாசிப்புக் குறைபாடாகக் கொள்ளுதல் பொருந்தாது.

9. முடிவுரை

வாசிப்பில் பின்தங்குதல் என்பது குழந்தைக்குள் மட்டும் உள்ள ஒன்றன்று. எழுத்துமுறை, பேச்சு வழக்கு, பயிற்றுமொழி, வகுப்பின் வேகம் ஆகியவற்றின் கூட்டு விளைவு. மணலில் எழுதிய திண்ணை, எட்டு வயதுச் சிறுவன் நடத்திய எழும்பூர் வகுப்பு, ஏணியும் அட்டையும், தெருவின் தன்னார்வலர் என்னும் நீண்ட வரலாறு, குழந்தையின் நிலையறிந்து அண்மையிலிருந்து செய்யும் துணை நமக்குப் புதிதன்று என உணர்த்துகிறது. அத்துணை எம்மொழியில், எவ்வெழுத்தில், எப்படியில் வேண்டும் என்பதைச் சொல்ல வேண்டியது மொழியியலின் கடமை.

நீலசந்திராவின் குழந்தைக்கு இன்று வேண்டியன இரண்டு. படிக்கத் தடுமாறும்போது, அதன் வீட்டு மொழியில் ஒரு கதையைச் சொல்லி, அது எவ்வளவு உணர்கிறது எனப் பார்க்கும் ஓர் ஆசிரியர். பின்னர் அதன் பக்கத்தில் அமர்ந்து தமிழையும் கன்னடத்தையும் எழுத்தெழுத்தாக ஒப்பிட்டுக் காட்டும் அதே தெருவினர் ஒருவர். இருமொழி அறிந்த அத்தகைய இளைஞர் அப்பகுதியில் பலர் உளர். அவர்களுக்குரிய சோதனைத் தாளையும் பயிற்சிக் கையேட்டையும் இரு மொழிகளிலும் ஆக்கித் தருதல் மொழி ஆய்வு நிறுவனங்களால் இயலும். 'மந்தம்' என்னும் சொல்லை ஒரு குழந்தையின் பெயருக்கு நேராக எழுதுமுன் அப்பணி நிறைவேற வேண்டும்.